குழாய் இல்லாத இடத்தில் நிற்கும் கேரவனைக் கழுவுவது எப்படி: 50 லிட்டரில் முழு வண்டியும்

மாதக்கணக்கில் வெளியில் நின்ற கேரவன் (காரில் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) எந்தக் கோலத்தில் இருக்கும் என்பது அதை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கூரையில் பச்சைப் பாசி. ஜன்னல் ரப்பர் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை. கூரை விளிம்பிலிருந்து சுவரில் இறங்கும் கறுப்புக் கோடுகள். அங்கங்கே காய்ந்துபோன பறவை எச்சம். வண்டி நிற்கும் இடத்திலோ குழாயும் இல்லை, மின்சாரமும் இல்லை. கழுவுவதற்காகவே அதை காரில் மாட்டி எங்கோ இழுத்துப் போகத் தேவையில்லை. 50 லிட்டர் தண்ணீர், இருபது துணி, அரை நாள் உழைப்பு இருந்தால் நின்ற இடத்திலேயே முடித்துவிடலாம்.

கழுவும்போது தண்ணீர் மூன்று வேலை செய்கிறது. அழுக்கை ஊறவைக்கிறது; மணல் துகளுக்கும் பெயின்டுக்கும் நடுவே வழுவழுப்பாக நிற்கிறது; பெயர்ந்த அழுக்கை அடித்துக்கொண்டு போகிறது. குழாயில் நிமிடத்துக்கு 10, 15 லிட்டர் கொட்டும்போது இந்த மூன்றும் தானாக நடந்துவிடும். கையில் 50 லிட்டர்தான் என்றால் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஊறவைப்பதை நேரத்திடம் விடுங்கள், வழுவழுப்பைக் கழுவும் மருந்திடம் விடுங்கள், அழுக்கை அள்ளிப் போவதைத் துணியிடம் விடுங்கள். தண்ணீர் குறைவாக வைத்துக் கழுவி பெயின்டைக் கீறிக்கொண்டவர்கள் பெரும்பாலும் தண்ணீரை மட்டும் குறைத்துவிட்டு, பழைய வாளி, பழைய ஸ்பாஞ்சோடு அதே முறையில் தேய்த்தவர்கள்தான்.

தண்ணீர்க் கணக்கு

உடல் நீளம் 6 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், சுவர் உயரம் சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பக்கமும் சேர்ந்து 33 சதுர மீட்டர், கூரை 14 சதுர மீட்டர். அதற்கு இப்படிப் பங்கிடலாம்: கூரைக்கு 12 லிட்டர், சுவர்களில் முதல் தெளிப்புக்கு 10, துணி ஊறும் வாளிக்கு 10, கறுப்புக் கோட்டு மருந்தைத் துடைத்தெடுக்க 8, சக்கரத்துக்கு 5, ஜன்னலுக்கும் கை கழுவவும் 5. சிறிய வண்டிக்கு 35 லிட்டரே போதும்.

20 லிட்டர் கேனைவிட 10 லிட்டர் கேன்களாக எடுத்துப் போவது நல்லது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 20 கிலோவை ஏணிப்படி அருகே தூக்கிச் சாய்த்து ஊற்றுவது முதுகுக்கு வேலை, பாதி தரையில் போகும். காரின் பின்பகுதியில் கேன்கள் உருளாதபடி கட்டிவையுங்கள்.

கூடுதல் தண்ணீருக்கு மழையைப் பயன்படுத்தலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் 10 மி.மீ. மழைக்கு இந்தக் கூரையிலிருந்தே 140 லிட்டர் இறங்கும். தண்ணீர் வழியும் மூலையில் பெரிய வாளி வைத்தால் அதில் ஒரு பங்கு கிடைக்கும். முதலில் வருவது கூரை அழுக்கு; அதை சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறைவதுதான் தெளிந்த நீர். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை, ஆகவே காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி விழாது. ஜன்னல் துடைக்க இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

கேரவனுக்குள்ளேயே இருக்கும் தொட்டியும் 12 வோல்ட் பம்பும் பயன்படுமா? வெளிப்புற ஷவர் இணைப்பு உள்ள வண்டியில் பயன்படும். ஆனால் குளிர்காலத்துக்காக குழாய்களை வடித்து வைத்திருந்தால் அதை நிரப்பாதீர்கள். வளைவுகளில் தங்கும் மிச்ச நீர் உறைந்தால் இணைப்பு வெடிக்கும். ஒரு கழுவலில் மிச்சப்படுத்தியதைப்போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

என்னென்ன வேண்டும்

முதலாவது, 5 லிட்டர் கைப்பம்பு ஸ்ப்ரேயர், தோட்டத்தில் மருந்தடிப்பதுதான். புதிதாக வாங்குங்கள், களைக்கொல்லி அடித்ததை எடுக்காதீர்கள். இதில் அழுத்தம் 2, 3 பார்தான் வரும், அதுவே போதும். வாளியிலிருந்து உறிஞ்சும் பேட்டரி பிரஷர் வாஷர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தண்ணீரை வேகமாகத் தின்னும். கை தவறி ஜன்னல் ரப்பரிலோ, இடுக்கை அடைத்திருக்கும் சீலன்ட் பசையின் விளிம்பிலோ கிட்டே பிடித்துவிட்டால் சுவருக்குள் ஈரம் இறங்கும். கேரவனுக்குள் போன ஈரம் வெளியே தெரியாமல் மரச்சட்டத்தை அழுகவைக்கும். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் எங்கள் பரிந்துரை.

இரண்டாவது, அலசத் தேவையில்லாத ஷாம்பூ. கடைகளில் ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற பெயரில் கிடைக்கும். சாதாரண ஷாம்பூ நுரைத்துக் கிடக்கும், அலசியே ஆக வேண்டும். இதில் உள்ள பாலிமர்கள் அழுக்குத் துகளைச் சுற்றிக்கொண்டு வழுக்கவிடும்; துடைத்து உலர்த்தினால் போதும். பல தயாரிப்புகளின் அளவு 1:256, அதாவது 10 லிட்டருக்கு சுமார் 40 மில்லி. உங்கள் பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் வராது, திட்டுத் திட்டாகப் படலம்தான் வரும். பாத்திரம் கழுவும் திரவம் இந்த இடத்தில் உதவாது: நுரையை அலச உங்களிடம் தண்ணீர் இல்லை, பழைய மெழுகையும் அது உரித்துவிடும்.

மூன்றாவது, மைக்ரோஃபைபர் துணி இருபது, 40 செ.மீ. சதுரத்தில், தடிமனானவை. இருமுறை மடித்தால் எட்டுச் சுத்தமான முகங்கள் கிடைக்கும். ஒவ்வொரு முகமும் அரை சதுர மீட்டர் அளவுக்குத் தாங்கும், ஆக ஒரு துணிக்கு 3, 4 சதுர மீட்டர். துணி கணக்கில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்; இந்த முறையில் துணிதான் தண்ணீர். இவற்றோடு உலர்த்த மூன்று பெரிய மைக்ரோஃபைபர் துண்டுகள், ஜன்னலுக்கென்று தனியாக இரண்டு துணி.

மற்றவை: நீளும் கம்பியில் மாட்டிய மென்மையான பிரஷ், அகலமான மடக்கு மேடை, பழைய டூத்பிரஷ், கையுறை, இரண்டு வாளி, அழுக்குத் துணி போட ஒரு பை.

எந்த நேரத்தில்

வெயில் ஏறாத காலை, அல்லது மேகமூட்டமான நாள். புறங்கையை சுவரில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் மருந்து நீங்கள் துடைப்பதற்குள் காய்ந்து கறையாகும். தூறல் நின்ற உடனே போனால் இன்னும் நல்லது. இரவெல்லாம் நனைந்த பாசியும் எச்சமும் ஏற்கெனவே ஊறியிருக்கும், பாதி வேலையை வானம் முடித்து வைத்திருக்கும். காற்று பலமாக இருந்தால் வேண்டாம்: மேடை ஆடும், தெளிப்பு பக்கத்து வண்டியில் போய் விழும்.

போகும் முன் நிறுத்துமிடத்தை நடத்துபவர்களிடம் கழுவ அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் மழைநீர் வடிகால் நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ போகும், அதில் மருந்து கலந்த நீர் இறங்கக் கூடாது. துணி முறையில் தரையில் விழும் நீர் மிகக் குறைவு என்று விளக்கினால் அனுமதி கிடைப்பது எளிது.

பாசி அதிகம் என்றால் இரண்டு நடை

கூரை முழுக்கப் பச்சை படர்ந்திருந்தால் ஒரே நாளில் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். முதல் நடையில் பாசிக்கொல்லி மட்டும் தெளித்துவிட்டு வீடு திரும்புங்கள். பென்சால்கோனியம் குளோரைடு உள்ளதாக, கேரவனில் பயன்படுத்தலாம் என்று லேபிளில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கி, அதில் சொன்ன அளவில் கலந்து, காய்ந்த கூரையில் தெளியுங்கள். 5 லிட்டரில் கூரை முடியும். அடுத்த சில நாட்களில் பாசி செத்துப் பழுப்பாகும், மழை அதில் பெரும்பகுதியைக் கழுவிக்கொண்டு போகும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து நீங்கள் வரும்போது பிரஷ் போட்டாலே உதிரும்.

இதை எக்காரணம் கொண்டும் ஷாம்பூவோடு கலக்காதீர்கள். இந்த மருந்தின் மூலக்கூறு நேர்மின் தன்மை கொண்டது, பெரும்பாலான ஷாம்பூ எதிர்மின் தன்மை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வேலை செய்யாமல் போகும். அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) ஜன்னலில் பட்டால் உடனே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். நீர்வாழ் உயிர்களுக்கும் பூனைகளுக்கும் இது நஞ்சு, ஆகவே குளம், ஓடை அருகில் வேண்டாம். தெளித்த இடம் காயும்வரை பூனை வராமல் பாருங்கள். பிளீச்சிங் திரவம் பாசியைச் சீக்கிரம் கொல்லும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: ரப்பர் கெடும், ஸ்டிக்கர் வெளுக்கும், அலுமினியம் அரிக்கும்.

தொடங்கும் முன்

சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். மூலைத் தாங்கிகள் நான்கையும் இறக்குங்கள். எல்லா ஜன்னலும், கூரை ஜன்னலும், கதவும் பூட்டியிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் வென்ட்டுகளுக்கு (காற்றுத் துளைகளுக்கு) குளிர்கால மூடி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழற்ற நினைவிருக்கட்டும், மூடியோடு ஃபிரிட்ஜைக் கேஸில் ஓட்டக் கூடாது. காரோடு இணைக்கும் மின்பிளக்கை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள்.

வாளி ஒன்றில் 10 லிட்டர் நீரும் 40 மில்லி ரின்ஸ்லெஸ் வாஷும். முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மாற்றிச் செய்தால் வாளி நிறைய நுரைதான் இருக்கும். பன்னிரண்டு துணிகளை அதில் போட்டு ஊறவிடுங்கள். மிச்சத் துணியைப் பிறகு தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரேயரிலும் அதே விகிதத்தில், 5 லிட்டருக்கு 20 மில்லி.

கூரை

கூரையில் ஏறாதீர்கள். பல கேரவன்களின் கூரை ஒரு ஆளின் எடைக்குக் கட்டப்பட்டதல்ல. ஈரமான பாசியில் கால் நிற்கவும் நிற்காது. ஏணியை சுவரில் சாய்ப்பதும் வேண்டாம், மெல்லிய அலுமினியத் தகடு அமுங்கிவிடும், திரும்ப எழாது. மடக்கு மேடையில் நின்று நீண்ட கம்பி பிரஷால் இந்தப் பக்கத்திலிருந்து நடுவரை, பிறகு அந்தப் பக்கத்திலிருந்து நடுவரை. உலோகக் கம்பியை நீட்டும் முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள்.

ஒரு மீட்டர் நீளத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். தெளித்து, 5 நிமிடம் விட்டு, பிரஷை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி இழுங்கள். பிரஷை வாளிக்குள் முக்காதீர்கள். அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வழியும் பச்சைத் தண்ணீர் சுவரில் இறங்கும், இறங்கட்டும். கூரையை முதலில் செய்வதே அதற்காகத்தான். கூரை ஜன்னல்களின் பிளாஸ்டிக் மூடியை பிரஷால் தேய்க்காமல் நனைந்த துணியால் மட்டும் துடையுங்கள். சோலார் தகடு இருந்தால் அதற்கும் அதுவே.

கறுப்புக் கோடுகளும் ஆனிங் ரெயிலும்

இந்தக் கோடுகள் சுவரில் பிறப்பவை அல்ல. கூரைத் தூசியும், பழைய சீலன்ட்டின் துகளும் ஆனிங் ரெயிலில் (பக்கவாட்டுப் பந்தல் துணியைச் செருகும் பள்ளத்தில்) தேங்கி, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வழிகின்றன. ரெயிலைச் சுத்தம் செய்யாமல் சுவரை மட்டும் துடைத்தால் அடுத்த மழையிலேயே திரும்ப வரும். டூத்பிரஷை மருந்தில் நனைத்து ரெயிலின் பள்ளம் முழுக்க ஓட்டுங்கள், பிறகு ஒரு துணிமுனையைப் பள்ளத்தில் திணித்து இழுத்தெடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் கழுவியது எத்தனை நாள் நிலைக்கும் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

கோடுகளுக்குத் தனி மருந்து கிடைக்கும். இல்லாவிட்டால் பொதுவான கிளீனரை 1:10 கலந்து கொள்ளலாம். காரத்தன்மை உள்ள இந்த வகை மருந்தைக் கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும். மேலிருந்து தெளித்தால் மருந்து காய்ந்த அழுக்கின் மேல் கோடுகோடாக ஓடி, ஓடிய தடத்தை மட்டும் வெளுப்பாக்கும். அந்தத் தடம் எளிதில் மறையாது. இரண்டு நிமிடம் விட்டு, காய்வதற்குள் மேலிருந்து கீழாகச் சுத்தத் தண்ணீரில் நனைத்த துணியால் இருமுறை எடுத்துவிடுங்கள். கோடு இருந்த இடத்தில் மட்டும் துடைத்தால் சுவர் வரிக்குதிரையாகிவிடும், முழு தகடாகச் செய்யுங்கள்.

வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சு கோட்டை மாயமாக எடுப்பதுபோலத் தோன்றும். அது மிக நுண்ணிய உப்புத்தாள், எடுப்பது பளபளப்பையும் சேர்த்துத்தான்.

சுவர்கள்

முன்பக்கம், நிழல் பக்கம், பின்பக்கம், வெயில் வரப்போகும் பக்கம் என்ற வரிசையை அன்றைய சூரியனைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஒட்டிய பூச்சிகளின் மீதும், எங்கிருந்தாலும் பறவை எச்சத்தின் மீதும் நனைந்த துணியைப் போர்த்தி 10 நிமிடம் விடுங்கள். எச்சத்தில் மணலும் விதையும் இருக்கும். காய்ந்ததைச் சுரண்டினால் கீறல் உறுதி.

இனி முக்கியமான பகுதி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் ஸ்ப்ரேயரால் தாராளமாக நனைத்து 2, 3 நிமிடம் விடுங்கள். வாளியிலிருந்து துணியை எடுத்து, பிழியாமல் சொட்டுவது நிற்கும் அளவு லேசாக அழுத்தி, இருமுறை மடியுங்கள். சுவரில் வைத்து நேர்கோட்டில் இழுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அழுத்தம் துணியின் எடை மட்டும். இரண்டு, மூன்று இழுப்பு, பிறகு முகம் மாற்று. எட்டு முகமும் முடிந்த துணி பைக்குள் போக வேண்டும். வாளிக்குத் திரும்பவே கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டால்தான் வாளித் தண்ணீர் கடைசிவரை தெளிவாக இருக்கிறது, அதனால்தான் 10 லிட்டரில் நான்கு சுவரும் முடிகிறது.

துடைத்த உடனே உலர் துண்டை விரித்து வைத்து ஒற்றி எடுத்து, பிறகு இழுங்கள். மங்கலாகப் படலம் தெரிந்தால் மருந்து கூடுதல் அல்லது காய்ந்துவிட்டது. சுத்தத் தண்ணீர்த் துணியால் ஒருமுறை போனால் சரியாகும். சுவரின் கீழ்ப்பகுதி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி இரண்டிலும் சாலை மணல் அதிகம். அவற்றைக் கடைசிக்கு வைத்து, இருமுறை தெளித்து ஊறவிட்டு, தனித் துணியால் செய்யுங்கள்.

சொரசொரப்பான அலுமினியத் தகட்டில் அழுக்கு பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும், துணி அதன்மேல் தாவிப் போகும். அங்கே மென்மையான பிரஷால் பெயர்த்துவிட்டுத் துணியால் ஒற்றுங்கள். ஃபைபர்கிளாஸ் பகுதியில் துணி வெள்ளைப் பொடியாக வந்துகொண்டே இருந்தால் அது அழுக்கு இல்லை. ஃபைபர்கிளாஸின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட் வெயிலில் சுண்ணாம்புபோல மங்கிவிட்டது. கழுவினால் சரியாகாது, பிறகு பாலிஷ் போட்டுத்தான் மீட்க வேண்டும். ஸ்டிக்கர் விளிம்புகளில் துணியை ஒட்டுக்கு எதிராக இழுத்தால் உரியும், விளிம்பு நோக்கி இழுங்கள்.

ஜன்னல்கள்

கேரவன் ஜன்னல் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். தண்ணீரில் சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே இடம் இது. முதலில் வெறும் நீரை மேலிருந்து ஊற்றித் தூசியை இறக்குங்கள், பிறகு புதிய துணியால் மட்டும் துடையுங்கள். அம்மோனியாவோ ஆல்கஹாலோ உள்ள கண்ணாடி கிளீனர் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. சில மாதங்கள் கழித்து சிலந்திவலைபோல மெல்லிய வெடிப்புகள் தோன்றும், அதற்கு மருந்தில்லை. மரப்பிசின் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீர்த்துணியை மாற்றி மாற்றிப் போர்த்தி இளக்குங்கள். இதற்காகவே ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போவது நல்ல பழக்கம்.

ரப்பர் ஓரங்களில் உள்ள கறுப்பை டூத்பிரஷாலும் ரின்ஸ்லெஸ் கரைசலாலும் எடுத்து, நன்றாக உலர்த்தி, ரப்பருக்கான சிலிகான் திரவத்தை மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

கேஸ் வென்ட்டும் தரை வென்ட்டும் இலையோ சிலந்திக்கூடோ அடைக்காமல் இருக்க வேண்டும். துணியால் துடைத்து, டூத்பிரஷால் கூட்டி எடுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

சக்கரம், இணைப்புப் பகுதி

சக்கரத்துக்கென்று தனி வாளி, தனி துணி. அது வேறு எங்கும் தொடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். துடைக்கும்போதே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், வெடிப்பையும் பாருங்கள். ஓடாமல் நிற்கும் டயர் தேயாது, ஆனால் வயதாகும்.

காரோடு மாட்டும் இணைப்பு, ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுத் தட்டுகள் வைத்ததாக இருந்தால் அதில் ஷாம்பூ, சிலிகான், மெழுகு எதுவும் படக் கூடாது. பட்டால் பிடிமானம் போய் ஓட்டத்தில் வண்டி ஆடும். அதைக் காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

நனைந்த பிரேக்கோடு கைபிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் பிரேக் ஷூ துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். தரை சமமாக இருந்து, முட்டுக்கட்டைகள் இறுகியிருந்தால் கைபிரேக்கைத் தளர்த்தியே விட்டுச் செல்லலாம்.

மெழுகும் மூடுதுணியும்

இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றால், மெழுகுபோலப் பெயின்டைக் காக்கும் ஸ்ப்ரே சீலன்ட் ஒரு பூச்சு கொடுங்கள், குறைந்தபட்சம் கறுப்புக் கோடு விழும் மேல் பாதிக்காவது. அடுத்த முறை அதே அழுக்கு பாதி தண்ணீரில் வரும். ஜன்னலிலும் பளபளப்பில்லாத மேட் ஸ்டிக்கரிலும் வேண்டாம்.

மூடுதுணி போடுபவர்கள் வண்டி முழுதும், குறிப்பாக ரெயில் பள்ளமும் ரப்பர் ஓரமும், காய்ந்த பிறகே போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சைத் தோட்டம்தான். மூடுதுணியின் உட்புறத்தையும் உதறிப் பாருங்கள். அதில் ஒட்டிய மணல், காற்றில் துணி அசையும்போதெல்லாம் ஜன்னலை அறுத்துக்கொண்டிருக்கும்.

வாளியில் மிஞ்சிய அழுக்குத் தண்ணீரைக் காலி கேனில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். துணிகளை அன்றே துவையுங்கள், 40 டிகிரி நீரில், துணி மென்மையாக்கி ஊற்றாமல். அந்த மென்மையாக்கி இழைகளை அடைத்துவிட்டால் துணி அழுக்கை அள்ளாது. தரையில் விழுந்த துணியை எத்தனை துவைத்தாலும் சுவருக்குத் திரும்பக் கொண்டுவராதீர்கள், சக்கர வாளியோடு போட்டுவிடுங்கள்.